தாசம்மாள் ஏன் அழவில்லை

எங்கள் படத்தின் கடைசிக் காட்சியைப் பற்றி இதுவரை பதினான்கு பேர் எழுதிவிட்டார்கள். பதினான்கும் தப்பு. என் பெயர் ஆறுமுகநயினார், அந்தப் படத்தின் ஒலிப்பதிவாளன். காட்சியை எடுத்தபோது தாசம்மாளிடமிருந்து பத்தடி தள்ளி நின்றவன். அதனால் இதைப் பற்றிப் பேச வேறு எவரையும்விட எனக்கு அதிக உரிமை உண்டு. அந்த உரிமையை வைத்துக்கொண்டு நான் என்ன காரியம் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம்.

காட்சி இதுதான். பொன்முடி தேயிலைத் தோட்டத்தின் மேல்சாலை. மூடுபனி இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு தாய் மகனுக்காகக் காத்து நிற்கிறாள். பஸ் வந்து நிற்கிறது, மகன் இறங்கவில்லை. கண்டக்டர் தலையை நீட்டி அவளிடம் ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்பது கேட்காதபடி எஞ்சின் சத்தம் மூடிக்கொள்கிறது. பஸ் போய்விடுகிறது. அவள் நம் பக்கம் திரும்புகிறாள். வாய் திறக்கிறது, உடனே மூடிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அறுபத்துமூன்று விநாடி அவள் அப்படியே நிற்கிறாள். அழுகை இல்லை, இசை இல்லை. கண் மட்டும் கேமராவுக்குச் சற்று இடப்பக்கம் எதையோ பார்த்தபடி இருக்கிறது. வளைவுக்கு வளைவு ஏறிப்போகும் பஸ்ஸின் ஹாரன் மூன்று தரம் கேட்கிறது. முதல் ஹாரன் பக்கத்தில், இரண்டாவது மலைக்குப் பின்னால். மூன்றாவது உண்மையிலேயே கேட்டதா, நாமாக நினைத்துக்கொண்டோமா என்று சொல்ல முடியாது. பிறகு திரை இருட்டாகி அவளுடைய மூச்சு மட்டும் கொஞ்ச நேரம் கேட்கும். அவ்வளவுதான் படம்.

அது மலைமக்களின் தலைமுறை மௌனம் என்று ஒருவர் எழுதினார். அந்தக் கண்கள் மரணத்தையே நேருக்கு நேர் பார்க்கின்றன என்றார் இன்னொருவர். தூரத்தில் தேய்ந்துபோகும் ஹாரன்தான் மகனின் சாவு, அதைக் காட்டாமல் கேட்க வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பெண் எழுதியிருந்தார். ஹாரன் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அது என் யோசனை. ஆனால் அவரும் கண்ணைப் பற்றி எழுதும்போது மரணத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கண்கள் பார்த்தது மரணத்தை அல்ல, என் கையை.

ஒலிப்பதிவு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒவ்வொரு இடத்துக்கும் சொந்தமாக ஓர் அமைதி உண்டு. காற்று, பூச்சி, தூரத்துத் தண்ணீர் எல்லாம் சேர்ந்த அமைதி. காட்சி முடிந்ததும் அதைத் தனியாக ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வோம். ஆம்பியன்ஸ் என்போம். நான் கையைத் தூக்கினால் கூட்டத்தில் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். இருமக் கூடாது, செருப்பை அசைக்கக் கூடாது. நான் கையை இறக்கிய பிறகுதான் மூச்சே விடலாம். படப்பிடிப்பில் டைரக்டர் சொல்லைக்கூட மீறுவார்கள், இதை மீற நான் விடமாட்டேன். நான் பிறந்து வளர்ந்தது கீழே நகரத்தில், தமிழும் மலையாளமும் இரையும் சாலைக் கடைத்தெருவில், அப்பாவின் இரும்புக் கடைக்கு மேல்மாடியில். அமைதி எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும்.

தாசம்மாள் நடிகை இல்லை. பொன்முடியில் கொழுந்து பறிக்கிறவர், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருப்பவர், ஐம்பத்துநான்கு வயது. டைரக்டர் ஸ்ரீகுமார் அவருடைய முகத்தைப் பார்த்த அன்றே வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிட்டான். முதல் நாள் நான் கையைத் தூக்கி நிற்கும்போது அந்த அம்மாள் தும்மிவிட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நாற்பது பேர் முன்னால் கத்தினேன்.

"ஒரு நிமிஷம் வாயை அடக்கிட்டு நிக்க முடியாதா அக்கா? என் கை மேல நிக்கும்போ ஒரு ஈ கூட மிண்டப்பிடாது. எது நடந்தாலும் சரி. மனசிலாச்சா?"

"மனசிலாச்சு சாரே" என்றார்.

அவ்வளவு நன்றாக வேறு யாருக்கும் மனசிலாகவில்லை. ஐந்தாம் நாள் ஆம்பியன்ஸ் எடுக்கும்போது அவர் கணுக்காலில் ஓர் அட்டை ஏறுவதை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். நான் கையை இறக்கும்வரை குனியவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு, இந்த அக்காவைப் பார்த்துப் படியுங்கள் என்று சொன்னேன். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பதினோராம் நாள் கடைசிக் காட்சி. திரைக்கதையில் அவர் கதறி அழவேண்டும். நான்கு தரம் எடுத்தும் ஸ்ரீகுமாருக்குப் பிடிக்கவில்லை. ஐந்தாவது தரம் எடுக்குமுன் அவன் பஸ்ஸுக்குள் போய் ஷாஜியிடம் எதையோ சொல்லிவிட்டு வந்தான். ஷாஜி எங்கள் தயாரிப்பு மேனேஜர். ஆள் கிடைக்காததால் கண்டக்டர் வேடத்தையும் அவர்தான் போட்டிருந்தார்.

தாசம்மாளின் சேலைக்குள் நான் மைக் வைத்திருந்தேன். அதனால் ஷாஜி சொன்னது என் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. எழுதியிருந்த வசனம் அது இல்லை.

"தாசம்மாக்கா, விஜய்குமாரோட ஜீப் பதினேழாம் வளைவுல மறிஞ்சு போச்சு. ஆள் போயாச்சு அக்கா."

படத்தில் வரும் மகனுக்கு வேறு பெயர். விஜய்குமார் அவர் பெற்ற மகன், ஒரே பிள்ளை. அந்த மலைச்சாலையில் ஜீப் ஓட்டுகிறவன். அன்று காலையிலும் எங்கள் பெட்டிகளைக் கீழிருந்து கொண்டுவந்து இறக்கிவிட்டுத்தான் போயிருந்தான்.

ஸ்ரீகுமாரைத் திரும்பிப் பார்த்தேன். அவன் மானிட்டரைவிட்டு முகத்தை எடுக்கவில்லை. பொய் என்று எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. இதை நான் மறைக்கப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

பஸ் நகர்ந்தது. தாசம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் பார்த்தது கேமராவையும் அல்ல, ஸ்ரீகுமாரையும் அல்ல, என்னைத்தான். பதினோரு நாளில் அவரிடம் அதிகம் பேசிய ஆள் நான்தான், திட்டியதையும் சேர்த்து. "சாரே" என்று வாயைத் திறந்தார். அதே நேரம் முதல் வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

அந்த ஹாரனுக்காக நான் காலையிலிருந்து காத்திருந்தேன். முந்தைய நான்கு தரமும் கதறலோ கூட்டத்துப் பேச்சோ அதைக் கெடுத்துவிட்டது. வாடகை பஸ், நான்கு மணிக்குத் திரும்பிப்போக வேண்டும், இனி ஒருமுறை மலையேறாது. நான் கையைத் தூக்கினேன்.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

அறுபத்துமூன்று விநாடி. மூன்று ஹாரனும் எனக்குச் சுத்தமாகக் கிடைத்தன. ஹெட்போனில் அந்த அம்மாளின் இதயம் மைக்கில் முட்டுகிற சத்தமும் கேட்டது. கையை இறக்கலாம் என்று ஒருமுறை தோன்றியது. மூன்றாவது ஹாரன் வரட்டும் என்று நின்றேன்.

கையை இறக்கியதும் அவர் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ரீகுமார் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அக்கா, பொய்யாக்கும்! சும்மா சொல்ல வெச்சதாக்கும். மோன் சுகமா இருக்கான். நீங்க என்னா செஞ்சீங்கன்னு அறியுமா? அடிபொளி அக்கா!"

தாசம்மாள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார். மகனுக்கு போன் போடச் சொன்னார். அங்கே சிக்னல் ஏது? மாலை ஆறு மணிக்கு ஜீப் மேலே வரும்வரை அவர் லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். வந்தவனின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போய்க் குளி என்று மட்டும் சொன்னதாக ஷாஜி பிறகு சொன்னார்.

ஸ்ரீகுமார் அன்றே முடிவை மாற்றிவிட்டான். கதறல் வேண்டாம், இந்த நிற்பே போதும் என்றான். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஏனென்றால் இப்போது கடைசிக் காட்சி முழுக்க என் ஹாரன்தான். படத்தொகுப்பு முடிந்து, ஒலிகளையெல்லாம் ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்குக்கு வந்தபோது தாசம்மாள் சொன்ன அந்த "சாரே"யை வெட்டி எறிந்தவனும் நான்தான். அது இருந்தால் அவர் யாரையோ கூப்பிடுகிறார் என்று தெரிந்துவிடும்.

மிக்ஸிங் நகரத்தில், ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நடந்தது. இரண்டு பஸ் மாறி தாசம்மாள் ஒருநாள் அங்கே வந்து நின்றார். கையில் தேயிலைப் பொட்டலம். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சாரே, கடைசில நான் சும்மா நிக்கேன்லா, அதை எடுத்துடணும்."

"ஏன் அக்கா? படத்துல அதாக்கும் ரொம்ப நல்ல இடம்."

"என் மோன் பாப்பான் சாரே. எனக்கு அவனும் அவனுக்கு நானும்தான். அவன் செத்துப்போனான்னு கேட்டும் நான் அழாம நின்னிருக்கேன். அழுதா என்ன, ஓடினா என்ன, விழுந்தா என்ன? ஒண்ணும் செய்யல்ல, கம்பு மாரி நின்னேன். ஏன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? படத்துல ஷாஜி சொன்னது கேக்காதே."

"தெரியும் சாரே. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு யாராவது சொல்லுவாங்க."

ஸ்ரீகுமாரிடம் பேசிப்பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பேசவில்லை. பேசினாலும் அவன் எடுத்திருக்கமாட்டான் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உண்மை என்னவென்றால், எடுத்துவிடுவானோ என்று எனக்குப் பயம். தேயிலை நன்றாக இருந்தது. அதைப் போட்டுக் குடித்துக்கொண்டுதான் மிக்ஸிங்கை முடித்தேன்.

டிசம்பரில் நகரத்தில் பட விழா. எங்கள் படம் தேர்வானது. திரையிடலுக்கு ஒரு வாரம் முன்பு ஸ்ரீகுமார் ஒரு மலையாளப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்து, ஷாஜியைக் கொண்டு பொய் சொல்லவைத்த கதையைப் பெருமையாகச் சொல்லிவிட்டான். விஜய்குமார் மலையாளப் பள்ளியில் படித்தவன், தினம் பேப்பர் வாசிக்கிறவன். தாசம்மாளைக் கூப்பிட்டுப் பேசவேண்டும் என்று போனை இரண்டு தரம் கையில் எடுத்தேன். இரண்டு தரமும் வைத்துவிட்டேன்.

திரையிடல் நகரத்தின் வழுதக்காடு பகுதியில், பகல் பதினோரு மணிக்கு. அம்மாவும் மகனும் ஜீப்பில் வந்து இறங்கியதை வாசலிலிருந்து பார்த்தேன். தாசம்மாள் மாம்பழ மஞ்சளில் புதுச் சேலை கட்டியிருந்தார். விஜய்குமார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துப் படியேற்றி, கூட்டத்தை விலக்கி, முன்வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்தான். பேப்பரைப் படிக்கவில்லை போலும், இன்று மேடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. எழுநூறு பேர் உட்கார்ந்த அரங்கில் மூன்றாவது ஹாரனுக்கு ஒரு நாற்காலிகூட அசையவில்லை. விளக்குப் போட்டதும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அப்புறம் மேடையில் எங்களை உட்காரவைத்துப் பேச்சு. நடத்தியவர் ஹரிகுமார் என்று ஒரு பேராசிரியர். அந்தக் கண்கள் அரசாங்கத்தைப் பார்க்கின்றன என்று ஆரம்பித்தார். மூடிய வாய் என்பது மறுக்கப்பட்ட மொழியாம். ஸ்ரீகுமார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மைக்கை வாங்கி, பேட்டியில் சொன்ன கதையை மறுபடியும் சொன்னான்.

"பெற்ற பிள்ளை போயாச்சுன்னு கேட்டிட்டு ஒரு அம்மை எப்படி நின்னாங்கன்னு பாத்தீங்கல்லே? இத எந்த நடிகைக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?"

அரங்கம் மறுபடி கைதட்டியது. நான் விஜய்குமாரைப் பார்த்தேன். அவனும் தட்டிக்கொண்டிருந்தான். எழுந்து நின்று, அம்மாவின் பக்கம் திரும்பி நின்று, எல்லோருக்கும் மேலாகத் தட்டினான். தாசம்மாள் தலையைக் குனிந்திருந்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மைக் என்னிடம் வந்தது. அந்தக் காட்சியின் ஒலியைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் பேராசிரியர். உண்மையைச் சொல்ல நினைத்தேன். எழுநூறு பேர், முன்வரிசையில் நடுவர்கள். வளைவுகளையும் ஹாரனையும் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன்.

கூட்டம் கலைந்தபின் அரங்கத்தின் பக்கவாட்டு டீக்கடையில் அவர்கள் இருவரும் நின்றார்கள். நான் போனேன். விஜய்குமாரே ஒரு டீ வாங்கி என் கையில் கொடுத்தான். யாரோ இரண்டு மாணவிகள் தாசம்மாளுடன் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"பேப்பர் பாத்தியா தம்பி?" என்றேன்.

"பாத்தேன் சார். பாத்ததும் ஷாஜியண்ணன ரெண்டு சாத்து சாத்தணும்னு தோணிச்சு. அம்மை அழாம வேற நின்னிருக்குன்னு போட்டிருந்தாங்க. எனக்கு ஒரு மாரி ஆயிட்டு. நேரா அம்மைட்டப் போயி கேட்டேன்." அவன் சிரித்தான். "ராத்திரி ஒண்ணும் சொல்லல்ல. காலம்பற எழுப்பி சொல்லிச்சு. 'நீ செத்தேன்னு அவன் சொன்னான், என் வயிறு சொல்லல்லியே மக்ளே. நீ போயிருந்தா பெத்த வயிறு அறியாதா? அதாக்கும் நான் அழாம நின்னேன்'ன்னு. அந்தக் கண்ணப் பாத்தீங்கல்லா சார்? ஒரு துளி நம்பல்ல. லயத்துல ஒரு வீடு விடாம சொல்லிட்டேன் சார். எல்லாரும் இப்போ எங்கம்மைய வந்து பாத்துட்டுப் போறாங்க."

பதினைந்தாவது தப்பு.

அதற்குப் பிறகு நான் பேசியதை மனச்சாட்சி என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான். பாதி அதுவாகவும் இருக்கலாம். ஆனால் மீதிப் பாதி வெறும் எரிச்சல். காலையிலிருந்து ஆளாளுக்கு என் காட்சிக்கு அர்த்தம் சொல்லி, கடைசியில் ஜீப் ஓட்டுகிறவனும் ஒன்று சொல்லிவிட்டான். யாராவது ஒருவருக்காவது சரியானது தெரியவேண்டாமா என்று நாக்கு துறுதுறுத்தது.

"அப்படி இல்ல தம்பி" என்றேன்.

"சாரே, சாயா ஆறிப்போவுது, குடிங்க" என்றார் தாசம்மாள். மகனிடம் திரும்பி, "நேரமாச்சு மக்ளே, போவோம்" என்றார்.

நான் விடவில்லை. "நீ அறியணும் தம்பி. ஒங்கம்மை நம்பிட்டாங்க. முழுசா நம்பியாச்சு. 'சாரே'ன்னு எங்கிட்ட கேக்க வாயத் தொறந்தாங்க. நான் கையத் தூக்கிட்டேன். அதான் நின்னாங்க. தப்பு என்னுதாக்கும், அவங்கள ஒண்ணும் நெனைச்சிராத."

விஜய்குமார் சிரிப்பை மாற்றாமல் கேட்டான். "கையத் தூக்கினீங்களா? எதுக்கு?"

"ஆம்பியன்ஸ் எடுக்கதுக்கு. அப்போ யாரும் மிண்டப்பிடாது."

"எவ்வளவு நேரம்?"

"அறுபத்திமூணு செகண்ட்."

கேட்டதும் சொல்லிவிட்டேன். என் தொழிலில் கணக்குத் தப்பாது.

அவன் அம்மாவைப் பார்த்தான். "உள்ளதாம்மா?"

தாசம்மாள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல முயன்றார் என்றுதான் நினைக்கிறேன். நான் பக்கத்தில் நிற்கும்போது அவருக்கு அது வரவில்லை.

"சத்தம் போடப்பிடாதுன்னு சார் சொல்லியிருந்தாரு மக்ளே" என்றார்.

அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். குரலை உயர்த்தவே இல்லை. "சூப்பர்வைசர் கை காட்டினா நிப்ப. மானேஜர் காட்டினா நிப்ப. எனக்கு அறியும். அது பாக்க முடியாமத்தான் நான் ஜீப் ஓட்டப் போனேன். நான் செத்ததுக்கும் ஒருத்தன் கை காட்டினா நிப்பியாம்மா?"

அவர் பதில் சொல்லுமுன் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டான். "அக்கா, நான் நல்லதுக்குச் சொன்னேன்" என்று ஏதோ உளறினேன். மன்னிக்கணும் என்றும் சொன்னேன்.

தாசம்மாள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அதை வெட்டிடுங்கன்னு வந்து கேட்டேன் சாரே, நீங்க வெட்டல்ல. செரின்னு விட்டேன். அவன் கேட்டப்போ விடியுமட்டும் இருந்து யோசிச்சு ஒரு காரணம் கண்டுபிடிச்சேன். நான் அவனுக்குக் குடுத்ததுல அவன் வெளியே எடுத்துக் காட்டிப் பெருமை பேசினது அது ஒண்ணுதான். இந்த ஒரு வாரமா வீடு வீடாப் போயி சொல்லிட்டான். இனி அங்க யாராவது கேட்டா அவன் என்னத்தைச் சொல்லுவான்? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லிக்குடுங்க."

உண்மையாகவே பதிலுக்குக் காத்து நின்றார். நான் கையிலிருந்த ஆறிய டீயைக் குடித்து முடித்தேன். அவர் ஜீப்புக்குப் போனார். காலையில் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், முன்கதவை அவன் திறக்காததால் பின்னால் போய், சாமான் ஏற்றுகிற பலகையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.